தொண்ணூற்றைந்து

"தொண்ணூத்திரெண்டு பெற்றோல் ஊத்தினா அது ஓட்டோ. தொண்ணூத்தஞ்சு ஊத்தினாத்தான் கார், புள்ள," என்றார் என் கணவர் அஸாம்.

"வித்தியாசம் தெரியுமா?"

"ஒனக்கு வெளங்காது. ஓடுறவனுக்குத்தான் வெளங்கும்."

வேறொன்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் அவருடைய கூட்டாளி ஒருவர் வந்துவிட்டார். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது இரண்டே இருக்கைகள். ஒன்று அவருக்கு, மற்றது கூட்டாளிமாருக்கு. நான் என் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போனேன்.

நான் காத்தான்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதைப் பரிசோதித்துப் பார்ப்பது என் வழக்கம். பழிவாங்கும் குணம் எனக்கில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே கார் அவருடையது, வீடு என்னுடையது. மட்டக்களப்பு நகரிலிருந்து அவர் கேன்களில் வாங்கிவரும் தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல் என் சாமான் அறையில் இருந்தது. அந்த அறைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில். அந்தப் பெற்றோலைக் கொஞ்சங் கொஞ்சமாக என் ஸ்கூட்டிக்கு ஊற்றினேன். கேன்களில் தொண்ணூற்றிரண்டை நிரப்பி வைத்தேன்.

மூன்று மாதம் போனது. "தொண்ணூத்தஞ்சுட இழுவயே வேற," என்று கல்லடிப் பாலத்தில் பறந்த கதையைத் தினமும் சோற்றுக்கு முன்னால் இருந்து சொல்வார். வாவிக் காற்று முகத்தில் அறையுமாம். நான் கறி போட்டேன். என் ஸ்கூட்டியோ, தனக்குக் கிடைத்த மரியாதை தெரியாமல் பழையபடியே ஓடியது. பரிசோதனை முடிந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்தது விஞ்ஞானத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. ஆகவே மண்ணெண்ணெய் சேர்த்தேன். முதலில் ஒரு கோப்பை. பிறகு அளவைக் கூட்டினேன்.

எஞ்சின் தட்டத் தொடங்கியது. காரைப் பார்க்கும் மெக்கானிக் நிலோஜன், தேற்றாத்தீவில் கராஜ் வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்து பெற்றோல் தாங்கியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, மண்ணெண்ண மணக்குது. ஆர் ஊத்தின?"

பக்கத்தில் அஸாம் நின்றார்.

"இந்தக் காரத் தொடுற ஆள் நீங்க மட்டுந்தானே தம்பி," என்றேன்.

பொய்யில்லை. வேறு யாரையும் அஸாம் தொட விடுவதில்லை. அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சத்தை அஸாம் ஊர் முழுக்கச் சொன்னார்.

இரண்டு கிழமையில் நிலோஜனின் கராஜுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்கூட வரவில்லை. அதை மூடிவிட்டு வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். மனைவி பிரஷாந்திக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. பெருநாளன்று அவளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினேன். தொடாமல் திருப்பி அனுப்பினாள். சிலருக்கு நன்றி தெரிவதில்லை.

நேற்று காரை ஏற்றிப்போக லொறி வந்தது. எஞ்சின் செத்த காரில் அஸாம் கடைசியாக ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லத்தான் போனேன். நிலோஜனின் பெயரை மீட்க ஒரு வசனம் போதும். அதை மனதுக்குள் சரியாக அடுக்கியும் வைத்திருந்தேன்.

மறுபக்கக் கதவைத் திறந்து, அந்த இருக்கையில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது.

"என்னையும் ஒருக்கா கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்களேன்," என்றேன்.