மூன்றாம் பாட்டில் தாண்டும் ரெக்கார்டு

கார்ல்டன்: …அப்ப மழை பெய்ஞ்சுதுங்கிற?

பெர்னி: பெய்ஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு என்னாலயே நம்ப முடியல, கார்ல்டன். நாப்பது வருஷம் ஆச்சு. நீ, நான், மால்கம், மூணு பேரும் கவென்ட்ரி மார்க்கெட் பக்கத்துல போய் ஒரே ஆல்பத்தை ஆளுக்கொண்ணு வாங்கினோம். அது உறுதி. மழை… நானே பின்னால சேர்த்துக்கிட்டதா இருக்கலாம்.

கார்ல்டன்: வெயில்டா. மால்கம் கோட்டைக் கழட்டித் தோள்ல போட்டுட்டு நடந்தான். அந்த வெயில் தலைக்கு ஏறித்தான் சாயங்காலம் ஆடினான்.

பெர்னி: அது உன் வீட்டுல இல்ல?

கார்ல்டன்: உன் வீட்டுல. உன் மேசை, உன் ரெக்கார்டு. ‘இந்த ஜமைக்கா ஸ்கா பாட்டெல்லாம் ஒரு இசையா, தையல் மிஷின்’னு நம்ம ஃபேக்டரி பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச ஆளு, மூணாவது பாட்டுக்கு எழுந்து நின்னுட்டான்.

பெர்னி: எழுந்தவன் இடுப்பால மேசையை இடிச்சான். ஊசி குறுக்கால போய்க் கீறிடுச்சு… அன்னையிலேருந்து என்னோடது அந்த இடத்துல தாண்டும். பாடுறவன் பாதி வரியில நின்னுட்டு, நேரா ட்ராம்போன் ஊதுற இடத்துக்குப் போயிடும்.

கார்ல்டன்: எட்டு நாள் நீ அவன்கிட்ட பேசல.

பெர்னி: ஒன்பது நாள்.

கார்ல்டன்: மூணு மணி ஆகப்போகுது. அங்க உன் பிளேயர்ல ரெக்கார்டை எடுத்து வச்சிட்டியா?

பெர்னி: …வச்சிட்டேன்.

கார்ல்டன்: துடைச்சியா?

பெர்னி: நீ எனக்குச் சொல்லித் தர்றியா? உன் கண்ணுக்குத் தூசி தெரியுதான்னு முதல்ல பாரு.

கார்ல்டன்: நேத்து பூரா அதான் வேலை. எல்லாத்தையும் வெளிய எடுத்து, துடைச்சு, உறையில போட்டு… முதுகு போச்சு. சரி. ரூல் ஞாபகம் இருக்கில்ல?

பெர்னி: பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. நடுவுல எவ்வளவு வேணா திட்டலாம்.

கார்ல்டன்: அப்புறம்?

பெர்னி: …தன் சொந்த ரெக்கார்டு சுத்தாதவனுக்கு மார்க் போட உரிமை கிடையாது. மால்கம் சட்டம். ஏன் வாராவாரம் கேக்குற?

கார்ல்டன்: பழக்கம். எண்ணு, போன்ல கேட்டு ரெண்டு பேரும் ஒண்ணா ஊசியை வைப்போம்.

பெர்னி: மூணு… ரெண்டு… ஒண்ணு.

கார்ல்டன்: …

பெர்னி: …

கார்ல்டன்: முதல் பாட்டு. சொல்லு.

பெர்னி: டிரம்ஸ்காரன் தூங்கல, அதுக்கு ஒரு மார்க். பேஸ் கிட்டார் நல்லா நடக்குது. ஆனா இந்த நைன் போர்ட்டர்ஸ் பேண்டுக்காரங்க எப்பவும் இதேதான். ரெண்டரை நிமிஷத்துல முடிச்சுட்டுப் பஸ் பிடிக்க ஓடுறாங்க.

கார்ல்டன்: போன வாரம் உனக்குப் பிடிச்ச கிரே லாடர் பேண்டு கேட்டோமே. கிட்டார்காரன் தனியாக் கிளம்பிப் போனான். நான் எழுந்து போய் டீ போட்டு, குடிச்சு, கோப்பையைக் கழுவி வச்சேன். அவன் இன்னும் வீடு திரும்பல.

பெர்னி: அதுக்குப் பேர் தேடல்.

கார்ல்டன்: அதுக்குப் பேர் வழி தவறிட்டான். யாராவது போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும்.

பெர்னி: ரெண்டாவது ஆரம்பிச்சிடுச்சு. வாயை மூடு.

கார்ல்டன்: …

பெர்னி: …

கார்ல்டன்: உன் பக்கத்துலேருந்து ஒண்ணுமே கேக்கலயே.

பெர்னி: இந்த ரூம்ல சுவர் மெலிசு, சொன்னேனே. அடுத்த ரூம் பொம்பளை தட்டும். மெதுவாத்தான் வச்சிருக்கேன்… நீ ஏன் இப்படி அலற விட்டிருக்க? முன்னாடி இவ்வளவு சத்தமா வைக்க மாட்டியே.

கார்ல்டன்: காது மந்தம்.

பெர்னி: வயசாயிடுச்சு உனக்கு.

கார்ல்டன்: உனக்கு மட்டும் கடல்காத்துல குறையுதாக்கும். அந்த ஸ்கெக்னஸ் கடற்கரையில இப்ப ஆள் இருக்காங்களா?

பெர்னி: நாய் கூட்டிட்டு வர்றவங்க. வணக்கம் சொல்றது நாய்க்குத்தான்… ஒண்ணு கேக்கவா? கிரே லாடரைத் தனியா உக்காந்து கேக்க முடியுது. இதைத் தனியா கேக்க முடியல. ஏன்?

கார்ல்டன்: இதுல தாளம் அடி விழ வேண்டிய இடத்தை விட்டுட்டு, அடுத்த இடத்துல விழும். அந்தக் காலி இடத்துல இன்னொரு ஆள் கால் வைக்கணும். ஆள் இல்லாட்டி அது காலியாவே… ஷ்ஷ். மூணாவது.

பெர்னி: …

கார்ல்டன்: …

பெர்னி: …

கார்ல்டன்: பெர்னி?

பெர்னி: …

கார்ல்டன்: பாட்டு முடிஞ்சிடுச்சு. லைன்ல இருக்கியா?

பெர்னி: இருக்கேன்.

கார்ல்டன்: உன்னோடது தாண்டுச்சா?

பெர்னி: …தாண்டுச்சு.

கார்ல்டன்: சரி.

பெர்னி: உன்னோடதும் தாண்டுச்சு. பாதி வரியில நின்னு, ட்ராம்போனுக்குப் போச்சு. உன்னோடது தாண்டாதே, கார்ல்டன். நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூடத் தாண்டினதில்ல. உன்னோடதை மால்கம் தொட்டதே கிடையாது.

கார்ல்டன்: ஊசி தேய்ஞ்சிருக்கும்.

பெர்னி: கார்ல்டன்.

கார்ல்டன்: …கண்ணு தெரியலடா. ரெண்டையும் ஒண்ணா வச்சுத் துடைச்சேன். உறை மாத்திப் போட்டுட்டேன் போலிருக்கு.

பெர்னி: எந்த ரெண்டு?

கார்ல்டன்: நீ வீட்டைக் காலி பண்ணிப் போன அடுத்த வாரம், பழைய ரெக்கார்டு கடையில எப்பவும் போல கிளறிட்டிருந்தேன். கிரே லாடர் ஒண்ணு கையில வந்துச்சு. நடுவுல பச்சை மையில உன் பேர். மூணு பேரோடதும் கலந்துடக் கூடாதுன்னு மால்கம்தான எழுதச் சொன்னான்… அதுக்குப் பின்னாலயே இன்னொண்ணு. அப்புறம் இப்ப கேக்குற இதுவும்.

பெர்னி: பத்து மாசம் ஆச்சு.

கார்ல்டன்: ஆச்சு.

பெர்னி: பத்து மாசமா உனக்குத் தெரியும். இங்க கட்டில் போட்டா கதவு முழுசாத் திறக்காது. என் சம்சாரம் ஜீன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுல எதையும் பாத்துப் பாத்துப் பிரிக்க எனக்குத் தெம்பில்ல. பிளேயர், ரெக்கார்டு எல்லாத்தையும் ஒரே காலையில பழைய கடைக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். இங்க வந்த முதல் ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி ‘வச்சிட்டியா’ன்னு கேட்ட… வாய் தானா ‘வச்சிட்டேன்’னு சொல்லிடுச்சு. ஏன் நீ அப்பவே கேக்கல?

கார்ல்டன்: கேட்டிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை நீ போனை எடுத்திருப்பியா?

பெர்னி: …மாட்டேன்.

கார்ல்டன்: அதான் உனக்குக் கேக்கட்டும்னு ஸ்பீக்கர் முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்து ரிசீவரை அதுகிட்ட பிடிச்சிட்டிருக்கேன். என் காதுக்கு ஒண்ணும் இல்ல. கைதான் மரத்துப் போகுது. பக்கம் முடிஞ்சிடுச்சு. ஊசி சும்மா உரசுது, கேக்குதா?

பெர்னி: கேக்குது… இனிமே எனக்கு மார்க் போட உரிமை இல்ல, கார்ல்டன். மால்கம் இருந்தா இந்த நிமிஷமே போனை வாங்கி வச்சிருப்பான்.

கார்ல்டன்: மால்கம் லண்டன் ரோடு கல்லறையில இருக்கான். அவன் ரெக்கார்டு எல்லாம் மகனோட ஆஸ்திரேலியா போயிடுச்சு. ஜீன் போயிட்டா, என் வெர்னாவும் போயிட்டா. நீ அங்க ஒரு ரூம்ல, நான் இங்க ஒரு ஸ்டூல்ல. உன்னோடதுல நாப்பத்தொண்ணு கிடைச்சுது, மிச்சம் யார் யாருகிட்டயோ. அந்த நாப்பத்தொண்ணும் என் சோபா மேல உக்காந்திருக்கு. என்னோடது உன் உறைக்குள்ள சும்மா கிடக்கு. இப்ப பிளேயர்ல சுத்திட்டிருக்கிறது உன் ரெக்கார்டு, பச்சை மையில உன் பேர். மால்கம் சட்டப்படி, இன்னைக்கு மார்க் போட எனக்குத்தான் உரிமை இல்ல. நீ போடு.