பீலியில் விட்ட குடம்

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், ஒரே கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"உள்ள விட்ட ஆளுகள வெளிய அனுப்ப மறந்துட்டேன்டி. அதான் நேத்து எல்லாம் நின்னு போச்சு."

பக்கத்தில் நின்றிருந்த பயணி ஒருவர் குனிந்து பார்த்தார். மற்றவள் கேட்டாள்:

"எங்க, நம்ம கடையில செஞ்ச பஸ் புக்கிங் வெப்சைட்லயா?"

"ஆமா. கொழும்புல வேல செய்ற நம்ம புள்ளைங்க எல்லாம் ஊருக்கு வர ஒரே நேரத்துல சீட் புக் பண்ணுனாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கனெக்ஷன் தொறந்துச்சு. வேல முடிஞ்சா மூடுறதுக்கு நான் கோட் எழுதல."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. நான் டைப்பிங் மட்டுந்தான்."

"நம்ம தோட்டத்து லயத்துல, வரிசையில நின்னு பீலிக் கொழாயில தண்ணி புடிச்சவ, குடத்த எடுக்காம வீட்டுக்குப் போயிட்டா?"

"பின்னால நிக்கிறவ தூக்கி வீசிருவா."

"கம்ப்யூட்டர் வீசாது. பேசாம காத்துக்கிட்டே நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள்.

"இப்ப என்ன பண்ணுன?"

"கொஞ்சம் கனெக்ஷன மட்டும் தொறந்து வச்சிருக்கேன். ஒருத்தர் வேல முடிஞ்சதும் அதே கனெக்ஷன் அடுத்த ஆளுக்குப் போயிரும். காலையில இருந்து நிக்கவே இல்ல. சீட்டெல்லாம் முடிஞ்சிருச்சு."

"சரியா ஓடுதான்னு மொதல்ல யாரு பேர போட்டுப் பாத்த?"

அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருகினாள். "அவரு பேரத்தான்."

"டெஸ்டுக்குப் போட்ட பேரு. அழிச்சிட்டியா?"

"எதுக்கு அழிக்கணும்? அவரும் கொழும்புல இருந்துதானே வரணும்."