அழுக்குப் படியாத ஆறாம் பக்கம்

இடைவேளையில் காப்பி குடிக்கப் போகிறவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. மரநாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துத்தான் போகும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் போயிருப்பேன். இதை வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உங்கள் பேனா ஓடுகிற வேகத்துக்கே சொல்கிறேன். எனக்கு இனி எங்கும் போக வேண்டியதில்லை.

பெயர் சிக்வார்ட் லுண்டே. வயது அறுபத்தெட்டு. அப்பா கருவாட்டு வியாபாரி. நான் இந்த ஊர் நாடகக் கொட்டகையில் இருபத்தாறு வருஷம் வாத்தியக் குழுவை நடத்தினேன். நாடகங்களுக்கு இசையும் எழுதினேன். அது என்ன வேலை என்று கேட்டால், மீன் பெட்டியில் பனிக்கட்டி போடுவோமே, அதுதான். பனிக்கட்டி இல்லாவிட்டால் மீன் நாறிவிடும். ஆனால் பனிக்கட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் யாரும் சமைப்பதில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் போட்ட நாடகத்தில் நாயகி ஒரு கலங்கரை விளக்குக்காரனின் மனைவி. மூன்றாம் அங்கத்தின் முடிவில் கப்பல் பாறையில் மோதும். நான்காம் அங்கம் மாதாகோவிலில். திரைக்குப் பின்னால் கலங்கரையைப் பிரித்துக் கோவிலைக் கட்டும்வரை, அந்த இடைவேளையில், மேடைக்கு முன்னால் இருக்கும் வாத்தியப் பள்ளத்தில் உட்கார்ந்து நாங்கள் வாசிக்க வேண்டும். நான் எழுதியது ஒன்பது நிமிடம். ஆட்கள் ஐந்தரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். மேடை மேலாளர் பேடர் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்துவான். என் முன்னால் இருக்கும் குட்டி விளக்கு இரண்டு தடவை மினுக்கும். உடனே நான் கடைசிச் சுரத்துக்குத் தாவ வேண்டும்.

முதல் ஐந்தரை நிமிடம் வெறும் புயல். புயலை எவனும் எழுதுவான். காற்று நின்ற பிறகு வயலின்கள் மூச்சுவிடுகிற மாதிரி கிடக்க, ஒரே ஒரு ஓபோக் குழல் கரையோரம் யாரையோ தேடிக்கொண்டு போகும். அந்த மூன்றரை நிமிடம்தான் நான். நாற்பத்து மூன்று காட்சி நடந்தது. ஒருமுறைகூட அதுவரை போனதில்லை. வயலின்காரர்களின் தாளில் ஐந்து பக்கம் கட்டைவிரல் அழுக்கில் பழுத்துக் கிடந்தது. ஆறாம் பக்கம் அச்சுக்கூடத்திலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

கொட்டகை முதலாளி ஃபால்க்கிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "இன்னும் மூணரை நிமிஷம் திரையத் தூக்காம இருந்தா போதும், முதலாளி."

"வாத்தியாரே, சனம் வர்றது அந்தப் பொம்பள அழுறதப் பாக்க. நீர் முதுகக் காட்டிக்கிட்டுக் கையாட்டுறதப் பாக்கவா?"

"ஒரே ஒரு நாள்."

"நீர் செத்தப்புறம் கோவில்ல முழுசா வாசிக்கச் சொல்றேன். அங்க யாருக்கும் அவசரம் இருக்காது."

நானும் சிரித்தேன். பேரம் படியாவிட்டால் சிரித்துவிட்டு எழுந்து வர வேண்டும். கருவாட்டுக் கடையில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொட்டகையில் ஒரு விதி இருந்தது, உங்களுக்கே தெரியும். தீப்பிடித்தால் வாத்தியத்தை நிறுத்தக் கூடாது. வாத்தியம் கேட்கிறவரை சனம் பதறாது. நிலைமை கைமீறினால் பேடர் விளக்கை மூன்று தடவை மினுக்குவான். அப்போது நான் வாசிப்பை நிறுத்தி, சனத்தின் பக்கம் திரும்பி, அமைதியாக வெளியே போகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி ஞாயிறு, பகல் காட்சி. ஐந்தரை நிமிடம் ஆயிற்று, விளக்கு மினுக்கவில்லை. மேடைக்கு அடியிலிருக்கும் சின்னக் கதவு வழியாகப் பேடர் தவழ்ந்து வந்தான். முகமெல்லாம் கரி.

"வாத்தியாரே, பின்படுதா பத்திக்கிச்சு. அணைச்சிட்டிருக்கோம். நிறுத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூணு தடவை மினுக்கினா மட்டும் சனத்த எழுப்புங்க."

அவன் போய்விட்டான். நான் தலையசைத்தேன். எல்லாரும் ஆறாம் பக்கத்தைப் புரட்டினார்கள். புதுத்தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரசரத்தது.

ஒரு கையால் தாளம் காட்டிக்கொண்டே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன். கீழே பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. காப்பிக் கோப்பையோடு திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மேல்மாடியில் மீனுக்கு உப்புப் போடும் பெண்கள். அவர்கள் எப்போதுமே காப்பிக்குப் போவதில்லை. கம்பியில் முகவாயை வைத்துக் கேட்டார்கள். அப்படியொரு அமைதியை இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

விளக்கு மூன்று தடவை மினுக்கியது.

முதல் வயலின் இங்வால்ட் பார்த்துவிட்டான். "அண்ணே, விளக்கு."

"பார்த்துட்டேன். வாசி."

"அண்ணே, மேல பொம்பளைங்க இருக்காங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. வாசி."

கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். பிறகு அதை விளக்கின் மேல் போட்டேன். கைக்குட்டைக்கு அடியில் அது மினுக்கிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை என்று பார்க்கவில்லை. மீதி இரண்டு நிமிடம் சொச்சம்தான். நடுவில் நிறுத்தினால் சனம் பதறும். விதியும் அதைத்தானே சொல்கிறது என்று நினைத்தேன். ஓபோ தேடிக்கொண்டு போய்க் கடைசிச் சுரத்தில் நின்றது. நான் தாளம் காட்டும் கோலை உயரத்திலேயே பிடித்திருந்தேன். அந்த மௌனமும் இசையில் சேர்த்திதான். கைத்தட்டல் மேல்மாடியிலிருந்துதான் முதலில் வந்தது.

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, அமைதியாக வெளியே போகச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்று எல்லாருமே சாட்சி சொன்னார்கள்.

கீழே மூன்று அகலக் கதவு. எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். மேல்மாடிக்கு ஒரே மரப்படி, மேடையை ஒட்டி இறங்குவது. அதில் அதற்குள் புகை ஏறிவிட்டது. இருபத்து மூன்று பேர்.

விளக்குக் கம்பி எரிந்துபோய்விட்டது, சைகை எனக்கு வந்து சேரவில்லை என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். நான் மறுக்கவில்லை, யாரும் என்னிடம் நேராகக் கேட்கவும் இல்லை. இங்வால்ட் அந்த வசந்தத்திலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். பேடர் குடிக்க ஆரம்பித்தான். "விளக்க நம்பாம நானே மறுபடி ஓடி வந்து சொல்லியிருக்கணும், வாத்தியாரே" என்பான். இரண்டு முறை நானே அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சனத்தைப் பதறவிடாமல் காப்பாற்றியவன் என்று எனக்கு ஒரு பதக்கம் வந்தது. ஃபால்க்தான் என் கோட்டில் குத்திவிட்டார். ஒவ்வொரு பிப்ரவரியும் கோவிலில் நினைவு நாள் வைக்கவும், அந்த இசையை முழுசாக வாசிக்கவும் ஏற்பாடு செய்தவரும் அவரே. ஒன்பது நிமிடம். பதினொரு வருஷமாக நடக்கிறது. ஊரே அழும். நான் குனிந்து வணங்கிவிட்டு வருவேன். எனக்கும் முதுகு வலிக்கிறது, ஐயா.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், அது தவறில்லை. தூக்கம் கெட்டு வெகுகாலம் ஆயிற்று. இன்னொன்றும் நடந்தது. நேற்று நினைவு நாளில் குன்ஹில்ட் வந்திருந்தாள். மகள் மாரித்தை அந்த மேல்மாடியில் பறிகொடுத்தவள். மூன்றாம் வரிசை. ஓபோ தொடங்கியதும் எழுந்தாள். கோவில் கதவு கிரீச்சிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் வாசலில் நின்றிருந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க, வாத்தியாரே. உங்க கை புண்ணியக் கைதான். ஆனா அந்தப் பாட்ட என்னால முழுசாக் கேக்க முடியல."

பரவாயில்லை என்றேன். வீட்டுக்கு வந்து விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன். குன்ஹில்டிடம் மட்டும் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தேவலை: அவள் மகள் கடைசிச் சுரம் வரை எழுந்திருக்கவே இல்லை.