வாசலில் கிடந்த ஆணி குத்திய எலுமிச்சம்பழங்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் நகர் நலச் சங்கத் தலைவர் மாதேஸ்வரன் ஐயா அவர்களே! அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே! முதல் ஷிப்ட் முடித்து, முகம் கழுவவும் நேரமின்றி ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! என்னைப் பார்க்காமல் மேசையில் இருக்கும் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருக்கும் செல்லங்களே! அறிவியல் ஆசிரியை பூங்கொடியின் அன்பு கனிந்த வணக்கம்!

மின்சாரம் என்றதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் முதல் சொல் எது? தொடாதே! அடுத்த சொல்? அதுவும் தொடாதே! சுவரில் இருக்கும் பிளக்கைத் தொடாதே என்று ஆயிரம் முறை சொல்லுங்கள், சரிதான். தொடத் தக்கதை எப்போது தொடச் சொன்னோம்?

போன அமாவாசையன்று என் ஆறாம் வகுப்பு மாணவி சரிதா என்ன செய்தாள் தெரியுமா? எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியும் செம்புக் கம்பியும் செருகினால் மின்சாரம் பிறக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அவளுடைய அம்மா ரஞ்சிதா வண்டிக்குச் சுற்றிப்போடக் குங்குமம் தடவி வைத்திருந்த பழங்களையே இவள் எடுத்து ஆணி குத்தினாள், கம்பியால் கோத்தாள். சின்ன வெளிச்சம் இருட்டில்தானே தெரியும்? இருட்டாக இருந்த இடம் கீழ்வீட்டு வாசல். அங்கே வைத்துவிட்டு அம்மாவை அழைக்க மாடிக்கு ஓடினாள்.

வீட்டுக்காரம்மா சென்னம்மாள் கதவைத் திறந்தார். அமாவாசை! அந்தி! குங்குமம்! எலுமிச்சையில் ஆணி! பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, உங்கள் வாசலில் கிடந்தால் தாண்டுவீர்களா?

நம் எல்லையோர ஊர் வழக்கப்படி தமிழில் தொடங்கி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் முடித்தார் சென்னம்மாள். செய்வினை வைத்தவர்களுக்கு இங்கே இடமில்லை, விடிந்ததும் வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார். பிழைப்புக்காக மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம், விடிந்தால் எங்கே போகும்? ரஞ்சிதா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். பக்கத்துத் தெருதான், ஓடினேன்.

"இது பேட்டரி, அத்தை" என்று சொல்லிச் சொல்லிச் சோர்ந்திருந்த சரிதா, தெருவே பார்க்க ஒரு குட்டி எல்.இ.டி. பல்பை மாட்டினாள். எரியவில்லை! எனக்கே வியர்த்துவிட்டது. அவளோ பல்பை உற்றுப் பார்த்தாள்.

"பல்போட கால் மாறிப்போச்சு மிஸ், பிளஸ் எடத்துல மைனஸ்," என்றாள். திருப்பி மாட்டினாள்.

எரிந்தது! கடுகளவு சிவப்பு வெளிச்சம்!

சென்னம்மாள் குனிந்தார். தயங்கித் தயங்கி ஓர் ஆணியைத் தொட்டார், பிடுங்கினார், அணைந்தது. செருகினார், எரிந்தது. மறுபடி பிடுங்கினார், மறுபடி செருகினார். விட்டால் இரவு முழுவதும் அங்கேயே இருந்திருப்பார்.

"காலி பண்றதெல்லாம் வேணாம் ரஞ்சிதா," என்றார் கடைசியில். "கொல்லை மரத்துல நெறைய காய் இருக்குது, பாப்பாவ பறிச்சிக்கச் சொல்லு. டேபிள் ஃபேன் ஓடுதான்னு பாத்துரலாம்."

பெற்றோரே! அந்த அச்சத்தைப் போக்கியது என் பேச்சா? பாடப் புத்தகமா? இல்லை, ஆணியைத் தொட்ட விரல்! ஒரு டார்ச் பேட்டரி, ஒரு குட்டி பல்பு, ஒரு முழம் கம்பி வாங்கிக் கொடுங்கள். அருகில் அமருங்கள், ஆடுங்கள், அவர்களோடு ஆராயுங்கள்! வீடுதோறும் ஒரு விளக்கு விளையாட்டாய் எரியட்டும்!

என்ன கேட்கிறீர்கள், ஃபேன் ஓடியதா? ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று சென்னம்மாள் தினமும் பள்ளி வாசலில் நின்று என்னைக் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் புறப்படுகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி, வணக்கம்!