இந்த வாரம் மட்டும்

கடிதம் எழுத எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் போதும், ஐயா. பதினோரு வருடப் பழக்கம். இப்போது கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அலுத்துவிட்டது.

எங்கள் வேட்பாளர் முன்பு நர்ஸாக இருந்தவர். எல்லோருக்கும் மருந்து இலவசம் என்பதுதான் அவருடைய முதல் வாக்குறுதி. முதலாளிகளிடம் கைநீட்ட மாட்டேன், சாதாரண ஜனங்கள் தரும் சின்னத் தொகையே போதும் என்று மேடையில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தச் சின்னத் தொகையை வரவழைப்பது என் பிழைப்பு. அவர் பெயரில் ஆயிரக்கணக்கானவர்களின் போனுக்கு எழுதுவேன். 'இந்த வாரம் மட்டும் கைகொடுங்கள்' என்று முடிப்பேன். எல்லா வாரமும் அப்படித்தான் முடிப்பேன்.

இதற்கெல்லாம் யாரும் பதில் போடுவதில்லை. ஒரு தையல்காரம்மா மட்டும் போட்டார். கண் மங்கித் தொழிலை விட்டவர். நர்ஸே தனக்கென்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு, "சாப்டியாம்மா? பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடி" என்று அனுப்பியிருந்தார். ஆபீசில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். நான் பதில் போட்டேன். "சாப்ட்டேன்மா. இந்த வாரம் மட்டும் பணத்துக்குக் கொஞ்சம் இழுபறி." மாலைக்குள் பணம் வந்துவிட்டது.

அதிலிருந்து அவருக்குத் தனியாக எழுத ஆரம்பித்தேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு ஒருவருக்கு மட்டும் எழுதுவது மனசுக்கு இதமாக இருந்தது.

ஒரு நாள், "சுகர் ஊசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். நீ ஜெயிச்சா இலவசம்தானேம்மா" என்று எழுதினார். திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வரியை அப்படியே எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த வருடம் அவ்வளவு நன்றாக எடுபட்ட கடிதம் வேறு இல்லை.

பிறகு அவருடைய மகள் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"சார், அம்மா பேரை எடுத்துடுங்க. மருந்துக்கு நான் குடுக்கறதெல்லாம் உங்களுக்குத்தான் வருது."

"எடுத்துடறேன்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள் என்றும் விசாரித்தேன். எட்டரைக்கு என்றாள். மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு எழுதினேன். படித்ததும் அழித்துவிடச் சொன்னேன். ஊசி வாங்கக் காசு மிஞ்சவில்லையே என்று அவர் இரண்டு முறை பயந்து கேட்டார். தேர்தல் வரைக்கும் நிறுத்தி வைத்தால் ஒன்றும் ஆகாது, நான் நர்ஸ் சொல்கிறேன் என்று எழுதினேன்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருந்தது. ஒன்பது மணிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நானே போன் செய்தேன். மகள் எடுத்தாள். "அம்மா போய்ட்டாங்க" என்று அழுதாள்.

நர்ஸுக்கு இது எதுவும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். எழுதியது நான். ஊசியை நிறுத்தச் சொன்னதும் நான்தான். ஆனால் கடைசி வரைக்கும் அந்த அம்மாவுக்குப் பதில் போட ஓர் ஆள் இருந்தான் என்பதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மகளுக்கும் அன்றைக்கே நர்ஸ் பெயரில் ஓர் ஆறுதல் கடிதம் எழுதினேன். மனசார எழுதியதுதான், ஐயா. எப்படி முடித்தேன் என்று கேட்கிறீர்கள். தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்ததே. இந்த வாரம் மட்டும் கைகொடுங்கள் என்றுதான்.