பதினைந்தாவது பிள்ளை

பிரிஜெட்: என்னங்க, டிக்கெட்ட எத்தன தடவ பாப்பீங்க?

சிரில்: கோலாலம்பூர் பஸ்தானான்னு பாத்தேன். நீ பாட்டுக்கு பினாங்கு போய் லக்சா சாப்பிட்டுட்டு வந்துட்டா?

பிரிஜெட்: வாய் இருக்கே உங்களுக்கு…

சிரில்: பஸ் வர இன்னும் நேரமிருக்கு. அந்தப் பேச்ச ஒருக்கா படிச்சுக் காட்டு லா.

பிரிஜெட்: இங்கயா? ஆளுங்க பாக்குறாங்க.

சிரில்: நாளைக்கு மட்டும்? பிள்ளைங்க உரிமைக்காக வேல செய்ற நாப்பது சங்கம் கூடுது. எல்லாம் உன்னையத்தான் பாக்கும்.

பிரிஜெட்: நான் பாலர் பள்ளி டீச்சர். அஞ்சு வயசுக்கு மேல யாருகிட்டயும் பேசிப் பழக்கமில்ல.

சிரில்: என்கிட்ட பேசுற மாதிரியே பேசு.

பிரிஜெட்: அதத்தான் சொல்றேன்… அஞ்சு வயசு.

சிரில்: சரி சரி, படி.

பிரிஜெட்: "வணக்கம். கெடா மாநிலத்துல ஒன்பது தோட்டத்துக்குப் போய் வீடு வீடா விசாரிச்சோம். குடியுரிமை இல்லாத பிள்ளைங்க பதினஞ்சு பேரு…"

சிரில்: நில்லு. பதினாலுதானே? லூனாஸ், சுங்கை லாலாங்… எல்லா எடத்துக்கும் நாந்தானே மோட்டார்ல கூட்டிட்டுப் போனேன்.

பிரிஜெட்: ஒண்ணு கூடிருச்சு.

சிரில்: யாரு வீட்ல?

பிரிஜெட்: பேரு சொல்லக் கூடாது. இந்த அறிக்கை அப்புறம் பேங்காக் கூட்டத்துக்கும் போகுது, பக்கத்து நாட்டு அறிக்கைங்களோட சேர்ந்து.

சிரில்: என்கிட்டயுமா?

பிரிஜெட்: கேளுங்க. "பதினஞ்சாவது பிள்ளைக்குப் பதினோரு வயசு. பெத்தவங்க யாருன்னு தெரியாது. ரெண்டு நாள் குழந்தையா தத்தெடுத்தாங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க பன்னெண்டு வயசாகி அடுத்த வருஷம் ஐசி, அதான் அடையாள அட்டை, எடுக்கப் போவாங்க. இந்தப் பிள்ளைக்காகப் போட்ட மூணாவது குடியுரிமை மனுவும்…"

சிரில்: பிரிஜெட்…

பிரிஜெட்: "…நிராகரிச்சுப் போன வாரம் திரும்பி வந்துருச்சு."

சிரில்: நம்ம நிகோல்… உனக்கு எப்பிடித் தெரியும்?

பிரிஜெட்: அந்தக் கடிதத்த மோட்டார் சீட்டுக்கு அடியில, மழைக்கோட்டுக்குள்ள சுத்தி வச்சா தெரியாதா?

சிரில்: நீ பேசிட்டு வந்தப்புறம் சொல்லலாம்னு… மனசு ஒடஞ்சு போய் நிப்பியேன்னு…

பிரிஜெட்: தெரியுங்க.

சிரில்: மழைக்கோட்டு எடுக்கப் போனியா?

பிரிஜெட்: நான் போகல. உங்க மகதான் போனா. படிச்சுட்டு என்கிட்ட வந்து சொன்னா: "அப்பா அழுதுருவாரும்மா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. ஆனா அந்தப் பதினாலோட என்னையும் எழுதிக்க."