கறுப்புக் காய் ஜெயித்த ஆட்டம்

"செஸ்ல கறுப்புக் காய் வந்தும் ஏன்டி ஜெயிச்ச?"

போளூர் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்து அந்தக் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். வேங்கிக்காலில் ஏறிய கணவன் மனைவி. அவள் கழுத்தில் இன்னும் அலுவலக அட்டை தொங்கியது. அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"வேணும்னேவா ஜெயிச்சேன்? ராஜாவை ஓரமா வெச்சி, முன்னாடி சிப்பாயை நிறுத்திட்டு சும்மா இருந்தேங்க. எங்க சார்தான் ராணி, குதிரைனு எல்லாத்தையும் கொண்டாந்து மோதினாரு. அவரு ராஜாகிட்ட காவலுக்கு ஆளே இல்ல. யானையை ஒரு தடவ நகர்த்தினேன், முடிஞ்சிடுச்சி."

"உன் டிரான்ஸ்பர் அவரு கையெழுத்துல நிக்குது!"

"டிரா கேட்டேனே. அவருதான் முடியாதுன்னுட்டாரு."

அவன் ஜன்னலை மூடினான். உடனே திறந்தான். அவள் கைபேசி அடித்தது. "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னவாம்? கையெழுத்து போடுவாராமா?"

"போடுவாராம். அவரு ஒரு ஆட்டமாவது ஜெயிச்சப்புறம்தான் என்னை அனுப்புவாராம்."

அவன் கால் நின்றது. "அவ்ளோதானே? நாளைக்கே தோத்துடு."

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "இன்னிக்கும் தோக்கத்தாங்க ஆடினேன்."

கால் மறுபடி ஆடத் தொடங்கியது.